நாட்டுக்கோழிக் கம்பெனி பணம் தரவில்லை, எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அம்மா 2 லட்சம் கட்டி நாட்டுக்கோழி வளர்ப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். கம்பெனியே ஷெட் போட்டுத் தரும், குஞ்சும் தீவனமும் கொடுக்கும், மாதாமாதம் ஒரு தொகை வரும், 3 வருடம் கழித்துக் கட்டிய பணம் முழுசாகத் திரும்பும் என்று பத்திரம். ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. அந்த ஊரில் மட்டும் 28 குடும்பம். ஆபீஸ் இன்னும் திறந்துதான் இருக்கிறது, புது ஆட்களையும் சேர்க்கிறார்களாம். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "எந்தக் கோர்ட்டுக்குப் போனால் இவனுகளை உள்ளே தள்ளலாம்?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். நான் வக்கீல் இல்லை, ஈரோட்டில் இருபது வருடத்துக்கு மேலாக வக்கீல் குமாஸ்தா. கோர்ட் வராந்தாவில் பணம் போன ஆட்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். உள்ளே தள்ளக் கேட்டால் கோர்ட் அதைச் செய்யும், காலம் ஆனாலும் செய்யும். அதனால் அம்மாவின் 2 லட்சம் வீட்டுக்கு வந்துவிடாது. நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று, மூன்றுக்கும் கதவு வேறு வேறு: புது ஆள் சேர்ப்பதை நிறுத்துவது, அவர்கள் சொத்தை விற்க முடியாமல் முடக்குவது, பணத்தைத் திரும்ப வாங்குவது. தண்டனை நான்காவதுதான்.

நம்ம ஊர்க் கதை ஒன்றே போதும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது உங்களுக்கும் நினைவிருக்கும், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாலும்கூட. என் சித்தப்பா அதில் ஒன்றில் ஒன்றரை லட்சம் போட்டார், கம்பெனி பேர் வேண்டாம். பணம் நின்ற முதல் மாதமே நாலு பேர் சேர்ந்து புகார் கொடுக்கலாம் என்றார்கள். சித்தப்பாதான், "ஏஜென்ட் நம்ம பங்காளி, அவன் மூஞ்சியில் எப்படி முழிக்கிறது, பொறுத்துப் பார்ப்போம்" என்று தடுத்தார். மூன்று மாதம் பொறுத்தார்கள். அதற்குள் ஆபீஸ் பூட்டியாயிற்று, வண்டிகள் போயிற்று, மிச்சமிருந்தது கொட்டகையில் தீவனம் இல்லாமல் கத்திக்கொண்டிருந்த பறவைகள்தான். கடைசியில் கால்நடைத் துறை வந்து தீவனம் போட வேண்டியிருந்தது. கேஸ் நடந்தது, தண்டனையும் வந்தது. சித்தப்பா கைக்கு வந்தது கட்டியதில் சிறு பங்கு, அதுவும் வருடக்கணக்கில் கழித்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேஸுக்கு முதல் கதவு டான்பிட் சட்டம். 1997இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது, நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களின் நலனைப் பாதுகாக்கும் சட்டம் என்று பேர். தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூழ்கியபோது பிறந்த சட்டம் இது. மத்திய அரசு செய்ய வேண்டியதை மாநிலம் செய்யக்கூடாது என்று வாதாடிப் பார்த்தார்கள், 2011இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. "இது பைனான்ஸ் இல்லையே, கோழிதானே?" என்று கேட்கலாம். கம்பெனிக்காரனும் அதைத்தான் சொல்வான். ஆனால் சட்டத்தில் டெபாசிட் என்பதற்கு விரிவான பொருள் கொடுத்திருக்கிறார்கள். பணமாகத் திருப்பித் தருகிறேன் என்றாலும், பொருளாகத் தருகிறேன் என்றாலும், சேவையாகத் தருகிறேன் என்றாலும் அது டெபாசிட்தான். ஈமு வழக்குகளும் இந்தச் சட்டத்தில்தான் நடந்தன. கோழி, ஆடு, தேக்கு மரம் என்று என்ன பேர் வைத்தாலும், பணம் வாங்கித் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் பத்திரமே சாட்சி.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது 10 வருடம் வரை சிறை என்பது அல்ல, சொத்து முடக்கம்தான். புகார் வந்து அரசுக்குத் திருப்தி ஏற்பட்டால் கம்பெனியின் சொத்தை முடக்கி ஆணை போடலாம். அது போதாது என்றால் டைரக்டர், பங்குதாரர், மேனேஜர் சொத்திலும் கை வைக்கலாம். டெபாசிட் பணத்தில் மச்சினன் பேரில் வாங்கிப் போட்டிருந்தாலும் விடமாட்டார்கள், கெட்ட எண்ணத்தோடு கைமாற்றிய சொத்துக்கும் தனிப் பிரிவே உண்டு. முடக்கிய சொத்து தகுதியுள்ள அதிகாரி கைக்குப் போகும், பெரும்பாலும் டி.ஆர்.ஓ., அதாவது மாவட்ட வருவாய் அலுவலர். அவர் 30 நாளுக்குள் தனி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அந்தத் தற்காலிக முடக்கத்தை உறுதி செய்யக் கேட்க வேண்டும். நமக்கு அந்தக் கோர்ட் கோயம்புத்தூரில் இருக்கிறது. அப்புறம் ஏலம் விட்டு, பணம் போட்ட எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். முதலில் போனவனுக்கு முழுப் பணம் என்று இதில் கிடையாது.

இங்கேதான் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, எவரும் செய்வதில்லை. போலீஸும் டி.ஆர்.ஓ. ஆபீஸும் சொத்தைத் தேடிக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் 28 குடும்பமும் ஊர்க்காரர்கள், கம்பெனிக்காரன் எந்தத் தோட்டம் வாங்கினான், யாரிடம் வாங்கினான், எந்த சைட்டில் வீடு கட்டுகிறான் என்று டீக்கடையில் கேட்டாலே தெரியும். சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் யார் பேரிலிருந்து யார் பேருக்குப் போனது என்று அதில் வரிவரியாக இருக்கும். அந்தப் பிரதியைப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். சொத்து விவரம் உள்ள புகாரும் இல்லாத புகாரும் ஒரே வேகத்தில் நகராது, என் அனுபவம் இது.

புகாரை எங்கே கொடுப்பது என்றால், லோக்கல் ஸ்டேஷனில் இல்லை, போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவில். 28 பேரும் சேர்ந்து ஒரே நாளில் போங்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய புகாரோடு. அதே வாரம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு நகலைக் கொடுத்து மனு எண் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னதை யாரும் மறந்துவிடலாம், மனு எண்ணை மறக்க முடியாது.

"சிவில் மேட்டர்" என்று மறுபடியும் சொன்னால் கலங்க வேண்டாம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பண விவகாரங்களில் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று அதிலேயே இடம் விட்டிருக்கிறார்கள், போலீஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதிலும் நடக்கவில்லையா, புது சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 175(3) பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போடலாம், அவர் விசாரிக்கச் சொல்லி உத்தரவிடலாம். அதற்கும் மேலே என்றால் ஐகோர்ட்டில் ரிட், அதாவது அதிகாரியைத் தன் கடமையைச் செய்யச் சொல்லி உத்தரவு கேட்கும் மனு. ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், சேலத்துக்காரர்களுக்கு சென்னை. கரூர்க்காரர் என்றால் மதுரைக் கிளை. உங்கள் திட்டத்தில் கரூர் ஆட்களும் சேர்ந்திருந்தால் இதைக் கவனத்தில் வையுங்கள். முன்பெல்லாம் ஒரு ரிட்டுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடிகாலை சென்னையில் இறங்கி, மதியம் வாய்தா வாங்கி, மறுபடி ராத்திரி ஏற வேண்டும். இப்போது இ-ஃபைலிங் வந்தபின் கொஞ்சம் தேவலை.

2019இல் மத்திய அரசும் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அதில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. பணம் தராமல் ஏமாற்றிய பிறகுதான் குற்றம் என்றில்லை, அனுமதியில்லாமல் ஆள் பிடிப்பதே குற்றம். அந்த "இன்னும் புது ஆள் சேர்க்கிறார்கள்" என்ற வரியை உங்கள் புகாரில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நோட்டீஸ், வாட்ஸ்அப் விளம்பரம், மண்டபத்தில் நடத்திய கூட்டத்தின் போட்டோ எல்லாம் இணையுங்கள். போனில் உள்ள ஆதாரத்துக்கு மின்னணுச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அழிக்காதீர்கள்.

இப்போது இரண்டாவது கதவு, நுகர்வோர் ஆணையம். இதை நம் ஊரில் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போகும் இடம் என்றே நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு சட்டப்படி அந்த ஆணையம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம், நியாயமற்ற வணிக நடைமுறையை நிறுத்து என்று உத்தரவிடலாம், பொய் விளம்பரம் கொடுத்தவனையே தன் செலவில் திருத்த விளம்பரம் போடச் சொல்லலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால உத்தரவும் உண்டு. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே முடியும். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம், இது பழைய சட்டத்தில் இல்லாத வசதி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அதைத் தவறவிட்டவர்கள் நிறைய.

கம்பெனி வக்கீல் எழுந்து, "இவர்கள் லாபத்துக்குக் கோழி வளர்த்தவர்கள், நுகர்வோர் அல்ல" என்பார். பதில் உண்டு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. தேசிய விதைக் கழகம் விவசாயிகளுக்கு விதை கொடுத்து, விளைச்சலைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் போட்ட வழக்கிலும் இதே வாதம்தான் வந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அந்த விவசாயிகள் நுகர்வோரே என்று சொல்லிவிட்டது. உங்கள் திட்டத்தின் அச்சு அசல் இல்லை என்றாலும் பக்கத்தில் வரும்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 28 பேரும் ஒரே மனுவாகப் போட்டால் எல்லோர் தொகையையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தலைக்கு 2 லட்சம் என்றாலே 56 லட்சம், மாவட்ட வரம்பைத் தாண்டிவிடும், மாநில ஆணையத்துக்குப் போக வேண்டி வரும். தனித்தனியாக 28 மனு, ஒரே நாள், ஒரே மாதிரி வாசகம், இதுதான் நல்லது. உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பையில் ஒன்றுமே இல்லாதவனை இதுவும் ஒன்றும் செய்யாது, அதனால்தான் டான்பிட் முடக்கத்தை முதலில் சொன்னேன்.

சினிமா ஆட்களை வைத்து டி.வி.யில் விளம்பரம் போட்டிருந்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு புகார். தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம், நடித்தவருக்கும் சேர்த்து. அந்தப் பணம் உங்களுக்கு வராது, விளம்பரம் நிற்கும், அவ்வளவுதான். புகாரைக் கலெக்டர் வழியாகவே அனுப்பலாம்.

சிவில் கோர்ட் மூன்றாவது கதவு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது, ஆனாலும் எனக்கு இதில் அவ்வளவு ஆர்வமில்லை. பணவசூல் வழக்கு இழுக்கும். ஒன்று மட்டும் பயன்படும்: தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யக் கேட்பது. எதிராளி சொத்தை விற்கப் பார்க்கிறான் என்று காட்ட முடிந்தால் கோர்ட் தரும், காட்ட அந்த வில்லங்கப் பிரதிதான் வேண்டும். பாக்கிக்கு வழக்குப் போடக் கெடு 3 வருடம்.

தொழிலையே நிறுத்தச் சொல்லும் உத்தரவு எப்படி வேலை செய்யும் என்று பார்க்க நொய்யலைப் பார்த்தால் போதும். திருப்பூர் சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே விவசாயம் கெட்டுப்போய், ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில் கழிவே வெளியே வரக்கூடாது என்று உத்தரவு, அபராதமும் விதித்தார்கள், 2009இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அப்படியும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அவமதிப்பு மனு, 2011 ஜனவரி 28இல் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டது. ஊரே ஆடிப்போயிற்று, வேலை போனவர்களும் நம்ம ஜனம்தான், அது வேறு வலி. ஆனால் பாருங்கள், உத்தரவு வாங்கியதோடு அந்த விவசாயிகள் வீட்டுக்குப் போகவில்லை. உத்தரவை மீறுகிறார்கள் என்று ஆதாரம் சேர்த்து மறுபடி மறுபடி போனதால்தான் 2011 வந்தது. (இப்படி மாசு வழக்கு இருப்பவர்கள் இன்றைக்குப் போக வேண்டியது பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. தடுக்கக் கேட்பதற்கு 6 மாதம், நஷ்டஈட்டுக்கு 5 வருடம் கெடு.)

தண்டனைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால் திருப்பூரில் பாசி என்ற நிதி நிறுவனத்தின் மோசடி வழக்கைச் சொல்வேன். 2009இல் வெடித்தது, சி.பி.ஐ. வரை போனது, கோவை டான்பிட் கோர்ட் 2022 ஆகஸ்ட்டில்தான் தீர்ப்புச் சொன்னது: 27 வருடம் சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம். பதிமூன்று வருடம். பணம் போட்டவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இருந்தார்களோ.

இனி உங்களுக்கு நடக்கப் போவதைச் சொல்கிறேன். புகார் போனது தெரிந்த உடனே ஏஜென்ட் வருவார், அனேகமாகச் சொந்தக்காரராகத்தான் இருப்பார். "கேஸ் போட்டால் கம்பெனியை மூடிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் வராது, உங்களுக்கு மட்டும் செட்டில் பண்ணித் தருகிறேன்" என்பார். பின்தேதியிட்ட செக், அதாவது வரப்போகும் தேதி போட்ட செக் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் தேதி வந்ததும் 3 மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதிலும் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 138 வழக்கு, அதாவது செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு. இதில் ஒரு தேதி தவறினாலும் கஷ்டம். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்காலமாக வாங்க வழி இருக்கிறது. செக் கொடுத்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்கச் சொன்னால், பணம் கணக்கில் ஏறிய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.

கம்பெனி பதிவு பெற்ற பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் கம்பெனி மேல் உள்ள வசூல் வழக்குகள் அப்படியே நிற்கும். பேப்பரில் சின்னதாக ஒரு அறிவிப்பு வரும், அதில் சொன்ன தேதிக்குள் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். 28 பேரில் யாராவது ஒருவர் தினமும் பேப்பர் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். அம்மா பேரில்தானே பத்திரம்? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், 15100க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

நாளைக்குக் காலையில் முதல் வேலை, அசல் பத்திரத்தையும் ரசீதுகளையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். "ரினியூவல் பண்ணித் தருகிறோம், ஒரிஜினலைக் கொடுங்க" என்று ஆபீஸில் கேட்பார்கள், ஜெராக்ஸ்தான் தர முடியும் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே யாராவது கொடுத்துவிட்டார்களா என்று மற்ற 27 வீட்டிலும் கேட்டு எழுதுங்கள், அப்படி இருந்தால் புகார் வாசகத்தை வேறு மாதிரி எழுத வேண்டும், நான் சொல்கிறேன்.